பலகை விளையாட்டு வழியாக வீட்டில் பாடம்: குமரி மாவட்டப் பெற்றோருக்குப் படிப்படியான வழிகாட்டி

வீட்டில் நாலு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளை இருக்கிறதா? கணக்கும் வாசிப்பும் அதற்குச் சரியாகப் பிடிபடவில்லையே என்ற கவலை இருக்கிறதா? அப்படியென்றால் இது உங்களுக்காகத்தான். தக்கலைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு தட்டுத்தடுமாறிப் பழகிய வழி இது. எந்த விளையாட்டை எப்போது எடுப்பது, எவ்வளவு செலவாகும், எதில் காசு வீணாகும் என்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. நீங்களும் அந்தச் சுற்றுச் சுற்ற வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். விளையாட்டில் யார் எண்ணுகிறாரோ, யார் கணக்குப் பார்த்து வாய்விட்டுச் சொல்கிறாரோ, அவருக்குத்தான் பாடம் ஏறும். பெரியவர்கள் எண்ணிக் கொடுத்தால் பிள்ளைக்குப் பொழுது போகும், அவ்வளவுதான். கைபேசியில் லூடோ ஆடும் பிள்ளைக்குக் கணக்கு வராததும் இதனால்தான். அங்கே பகடை போடுவது, காய் நகர்த்துவது, வெட்டுவது எல்லாம் கைபேசியின் வேலை. பிள்ளை விரலால் தொடுவதோடு சரி. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் எண்ணும் வேலையைப் பிள்ளையின் கையில் எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் சொல்கிறேன்.

1. கடைக்குப் போகுமுன் பிள்ளையின் நிலையைப் பாருங்கள்

பெட்டியின் மேல் போட்டிருக்கும் வயதை நம்பி எதையும் வாங்க வேண்டாம். முதலில் பள்ளியில் தந்த மதிப்பெண் அட்டையையும் பழைய பரீட்சைத் தாள்களையும் எடுத்து வையுங்கள். அட்டையைவிடத் தாள்கள்தான் அதிகம் சொல்லும். கடன் வாங்கிக் கழிப்பதில் மட்டும் தப்பு வருகிறதா, வாய்ப்பாட்டில் தடுமாற்றமா, கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்வதிலேயே சிக்கலா என்று தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்றால் தொடக்க வகுப்புகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடக்கிறது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். “என் பிள்ளை தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை?” என்று டீச்சரிடம் கேளுங்கள். இரண்டிலும் ஒரே நிலையாக இருக்க வேண்டும் என்றில்லை. மெட்ரிக் பள்ளி என்றால் வகுப்பு டீச்சரிடம், “இந்தப் பருவத்தில் எந்தப் பாடத்தில் பின்தங்குகிறான்?” என்று குறிப்பாகக் கேளுங்கள். “நல்லாப் படிக்கிறானா?” என்று கேட்டால், “பரவாயில்லை” என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

அப்புறம் வீட்டில் ஒரு கால் மணி நேரம். இருபது புளியங்கொட்டை போதும். பன்னிரண்டை எண்ணித் தரச் சொல்லுங்கள். பத்துக் கொட்டையில் நாலைக் கைக்குள் மறைத்து மீதியைக் காட்டி, கைக்குள் எத்தனை என்று கேளுங்கள். 47-க்குப் பத்துக் கூட்டினால் எவ்வளவு என்று கேளுங்கள். கடைசியாக, ஐந்து பேருக்கு நாலு நாலு கொட்டை கொடுக்க மொத்தம் எத்தனை வேண்டும் என்று கேளுங்கள். முதல் இரண்டில் தடுமாறினால் மூன்றாம் படியில் தொடங்குங்கள். மூன்றாவது கேள்வியில் நின்றால் நான்காம் படி. நான்காவதில் நின்றால் ஐந்தாம் படி. எல்லாம் சொல்லிவிட்டால் நேராக ஆறாம் படியில் இருக்கும் தாயத்துக்குப் போகலாம்.

2. வீட்டிலும் தோப்பிலும் கிடைப்பதை முதலில் சேருங்கள்

முதல் ஒரு மாதத்துக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. காய்க்குப் புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், பாட்டில் மூடி எதுவும் ஆகும். சோழி வேண்டுமென்றால் கன்னியாகுமரி கடற்கரைக் கடைகளில் சிறு பையாகக் கிடைக்கும். ஒரே அளவாகப் பார்த்து வாங்குங்கள். பகடைக்குப் புளியங்கொட்டையே போதும். ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்துவிட்டால் ஆறு கொட்டையைக் குலுக்கிப் போட்டு வெள்ளையை எண்ணலாம். தேய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் ஒரு மாலைப்பொழுது அதிலேயே ஓடிவிடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. குன்றிமணி சிவப்பும் கருப்புமாக அழகாக இருக்கும், வேலியில் சும்மாவே கிடைக்கும். ஆனால் அதன் விதைக்குள் கடும் விஷம் இருக்கிறது. கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். அடுத்தது கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டை. எங்கள் பக்கம் அண்டி என்றும் சொல்வோம். பங்குனி, சித்திரையில் அண்டி விளையாட்டு நம் ஊரில் சகஜம்தான். ஆனால் பச்சை அண்டித்தோட்டில் இருக்கும் எண்ணெய் வாயையும் தோலையும் பொள்ளவைக்கும். கடிக்கிற வயதில் இருக்கும் பிள்ளைக்கு அதைக் காயாகக் கொடுக்காதீர்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் புளியங்கொட்டையும் சோழியும்கூட விளையாடி முடித்த உடனே எண்ணி டப்பாவில் போட்டு மூட வேண்டியவை. தொண்டையில் சிக்கும் அளவுதான் அவை.

3. முதல் பலகை: ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே வரிசை

நாலு, ஐந்து வயதுக்கு இதைவிட நல்ல பலகை எனக்குத் தெரியவில்லை. ஒரு சார்ட்டில் ஒரே நேர் வரிசையாகப் பத்துக் கட்டம் போடுங்கள். இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை பெரிதாக எழுதுங்கள். அந்தந்த எண்ணுக்குக் கீழே சின்னதாக ஊர்ப்பெயர் போட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டுப் பலகையில் வடசேரி, பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், சாமியார்மடம், மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று பஸ் போகும் வழி. ஒரு நாணயத்தின் ஒரு பக்கத்தில் 1, மறுபக்கத்தில் 2 என்று காகிதம் ஒட்டுங்கள். சுண்டிப் போட்டு விழுந்த அளவு நகர வேண்டும். முதலில் களியக்காவிளை சேர்பவர் ஜெயித்தார்.

இதில் ஒரே ஒரு விதி முக்கியம். காய் 5-இல் நிற்கிறது, 2 விழுந்தது என்றால் பிள்ளை “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணி நகரக் கூடாது. கட்டத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லி, “ஆறு, ஏழு” என்று நகர வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேறுபாடு. ஆனால் ஐந்துக்குப் பின் இரண்டு சேர்ந்தால் ஏழு என்பது இப்படிச் சொல்லும்போதுதான் மனதில் பதியும். “ஒண்ணு, ரெண்டு” என்றே எண்ணும் பிள்ளை எத்தனை ஆட்டம் ஆடினாலும் இரண்டுவரைதான் எண்ணிக்கொண்டிருக்கும்.

இது நானாகச் சொல்வதில்லை. அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. வசதி குறைந்த வீட்டு மழலைகளை இப்படிப் பத்துக் கட்டப் பலகையில், ஒரு முறைக்குக் கால் மணி நேரம்போல, இரண்டு வாரத்துக்குள் நாலு முறை ஆடவிட்டார்கள். எண்களை அடையாளம் காண்பதிலும் எது பெரியது என்று சொல்வதிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. எண் இல்லாமல் வெறும் வண்ணக் கட்டத்தில் ஆடிய பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் வட்டப் பலகையும் அந்தப் பலனைத் தரவில்லை. அதனால் பலகை அழகாக இருக்கட்டும் என்று வளைத்தும் நெளித்தும் வரையாதீர்கள்.

செலவு: சார்ட் பத்து, பதினைந்து ரூபாய். காலம்: ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், இரண்டு மூன்று வாரம்.

4. நூறு வரை: பாம்பும் ஏணியும், அதில் ஒரு சிக்கல்

பாம்பு ஏணிப் பலகை எல்லா ஸ்டேஷனரிக் கடையிலும் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். காயை நகர்த்துமுன் எங்கே போய் நிற்கும் என்று பிள்ளை சொல்ல வேண்டும். “46-இல் நிற்கிறேன், ஐந்து விழுந்தது, 51.” சொன்னது சரியென்றால் நகரலாம். பாம்பு கடித்தால் எத்தனை கட்டம் இறங்கினோம் என்று கழித்துச் சொன்னால் மறுமுறை பகடை போடலாம் என்று ஒரு வீட்டு விதி வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்ததற்காக அழுவதும் குறையும், கழித்தலும் பழகும்.

சிக்கல் என்னவென்றால், கடையில் விற்கும் பலகையில் எண்கள் ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்த வரிசை வலமிருந்து இடம் என்று போகும். 7-க்கு நேர் மேலே 14 இருக்கும். பத்துக் கூட்டினால் 17, 27, 37 என்று ஒரே ஒழுங்கில் போகிறது என்பது அதில் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒவ்வொரு வரிசையும் இடப்பக்கமே தொடங்கும் நூறு கட்டத்தை நீங்களே ஒரு தாளில் போட்டுக்கொள்ள வேண்டும். அதில் 7, 17, 27 ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்.

இந்தத் தாளில் ஆட நல்ல ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஏழு முறை பகடை. விழுந்த எண்ணை ஒன்றாகவும் வைக்கலாம், பத்தாகவும் வைக்கலாம். நாலு விழுந்தால் 4 அல்லது 40. ஏழு முறையும் போட்டு முடித்ததும் நூறைத் தாண்டாமல் யார் நூறுக்கு அருகில் இருக்கிறாரோ அவர் ஜெயித்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டே நாளில், “இன்னும் மூணு பகடை இருக்கு, இப்போ பத்தா வச்சா தாண்டிடும்” என்று யோசிக்க ஆரம்பித்துவிடும்.

5. பல்லாங்குழி: பெருக்கலும் வகுத்தலும்

மரப்பலகை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் முட்டை அட்டையை வெட்டி ஏழு குழியாக இரண்டு வரிசை ஒட்டிக்கொள்ளுங்கள். முற்றத்து மண்ணில் குழி தோண்டினாலும் ஆட்டம் ஒன்றுதான். பாட்டாவோ ஆச்சியோ வீட்டில் இருந்தால் அவர்களையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வீடு விதி கொஞ்சம் மாறும், அது பரவாயில்லை. ஆடத் தொடங்குமுன் எந்த விதி என்று பேசி முடிவு செய்துவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எளிய விதி இது. பதினாலு குழி, குழிக்கு ஐந்து முத்து (புளியங்கொட்டையோ சோழியோ), மொத்தம் 70. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து எல்லா முத்தையும் அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடருங்கள். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. அதோடு உங்கள் முறை முடிந்தது. நடுவில் எந்தக் குழியிலாவது நாலு முத்துச் சேர்ந்தால் அது ‘பசு’. குழி யாருடையதோ அவர் எடுத்துக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டால் போச்சு.

பாடம் மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது, முத்தை அடுக்கும்போது. ஏழு குழிக்கு ஐந்து வீதம் எத்தனை முத்து வேண்டும் என்று கேட்டு, பிள்ளையே 35 எண்ணி எடுக்கட்டும். இரண்டாவது, அள்ளுமுன். “இந்தக் குழியில் ஆறு இருக்கிறது, கடைசி முத்து எங்கே விழும்?” என்று முத்தைத் தொடாமல் கண்ணாலேயே பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் பெரியது. ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டத்துக்குக் குழி நிரப்பும் நேரம். உங்களிடம் 38 முத்து இருக்கிறது என்று வையுங்கள். எண்ணிப் பார்க்காமலே தன்னிடம் எத்தனை என்று பிள்ளை சொல்ல வேண்டும்: எழுபதில் 38 போக 32. அப்புறம் அந்த 32-ஐ ஐந்தைந்தாக நிரப்பினால் ஆறு குழி நிறையும், இரண்டு மிஞ்சும். உங்கள் 38-இல் ஏழு குழி நிறைந்து மூன்று மிஞ்சும். மீதியோடு வகுத்தல் என்று பள்ளியில் கரும்பலகையில் வருவது இங்கே கையில் வந்துவிடுகிறது. பிள்ளை இதில் பழகியதும் நோட்டில் 32 ÷ 5 என்று எழுதிக் காட்டுங்கள். அதற்கு முன்பு எழுதிக் காட்டினால் பரீட்சைபோல ஆகிவிடும், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

சின்னப் பிள்ளைக்குக் குழியையும் முத்தையும் குறையுங்கள். மூன்று குழி இரண்டு வரிசை, குழிக்கு இரண்டு முத்து. ஏழு வயதுக்கு முழுப் பலகை. மரப்பலகை வாங்குவதென்றால் வேலைப்பாட்டைப் பொறுத்து முன்னூறிலிருந்து எண்ணூறு ரூபாய்க்குள் பார்க்கலாம். குழிக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சிலாம்பு எடுக்காத பலகை பிள்ளையின் நகக்கண்ணில் குத்தும்.

6. தாயம்: ஐந்தாம் வகுப்புக்கு மேல்

பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி நூறிலிருந்து இருநூற்றைம்பது ரூபாய்க்குள் வரும். ஒவ்வொரு கட்டையிலும் நாலு முகம்: வெறும் முகம், ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. இரண்டையும் உருட்டினால் தாயம் (1), 2, 3, 4, 5, 6, இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12.

“தாயம் ஏன் விழவே மாட்டேங்குது?” என்று பிள்ளை கேட்கும் நாளைக் காத்திருந்து பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் நாலுக்கு நாலு கட்டம் போட்டு, ஒரு கட்டையின் முகங்களை மேலேயும் மற்றதை இடப்பக்கமும் எழுதச் சொல்லுங்கள். மொத்தம் 16 விதமாக விழலாம் என்று தெரியும். அதில் 3 விழ நாலு வழி. 2-க்கும் 4-க்கும் மூன்று மூன்று. தாயத்துக்கும் 5-க்கும் இரண்டிரண்டு. 6-க்கு ஒன்று, 12-க்கு ஒன்று. தாயம் எட்டில் ஒரு பங்கு, 12 பதினாறில் ஒரு பங்கு. எதிராளியின் காய் மூன்று கட்டம் பின்னால் நின்றால் ஏன் அதிகம் பயப்பட வேண்டும் என்பதும் பிள்ளைக்கு இந்தத் தாளிலேயே விளங்கிவிடும். நிகழ்தகவு பாடம் மேல் வகுப்பில் வரும்போது அது புதிதாக இருக்காது.

அப்புறம் நூறு முறை உருட்டி, விழுந்ததைக் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். கணக்கும் கோடும் அப்படியே பொருந்தாது. நூறு முறை போதாது என்பது ஒரு காரணம். கையால் செய்த கட்டையின் முகங்கள் ஒரே அளவாக இருப்பதில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் பிள்ளையோடு பேசுங்கள்.

விதியில் ஒரு தளர்வு தேவை. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்று வைத்தால் சின்னவர்கள் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஐந்துக்கும் இறக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. தமிழ் எழுத்துக்கு அட்டை செய்வது

247 எழுத்துக்கும் அட்டை வெட்ட உட்காராதீர்கள். பாதியில் கைவிடுவீர்கள். அகர வரிசை 18 எழுத்தை (க, ங, ச…) அட்டையில் எழுதுங்கள். அதிகம் வரும் க, ச, ட, த, ப, ம, ர, ல, ன ஆகியவற்றுக்கு நாலு நாலு. மற்றவற்றுக்கு இரண்டு. ங, ஞ ஒன்று போதும். துணைக்கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு இவற்றைத் தனி அட்டையில் எழுதுங்கள். எழுத்துக்கு முன்னும் பின்னும் வைத்தால் கா, கெ, கே, கை, கொ, கோ வந்துவிடும்.

உகரமும் ஊகாரமும்தான் தகராறு. கு, சு, டு, து என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம் எடுக்கும். அதற்குத் தனி அட்டைதான் வழி. ங, ஞ இரண்டையும் விட்டுவிட்டால் 16 எழுத்துக்கு இரண்டு வீதம் 32 அட்டை. புள்ளி, இகரச் சுழி, ஈகாரச் சுழி மூன்றையும் லேமினேஷன் கடையில் வெட்டிப்போடும் கண்ணாடித்தாள் துண்டில் மார்க்கரால் எழுதினால், எழுத்தட்டையின் மேலேயே வைத்துவிடலாம். அ முதல் ஔ வரை உயிர் பன்னிரண்டும் தனியே.

ஆட்டம் எளிது. ஆளுக்குப் பத்து அட்டை. சொல் அமைத்து, எத்தனை அட்டை பயன்பட்டதோ அத்தனை புள்ளி. புள்ளியைக் குறிப்பதும் கூட்டுவதும் பிள்ளையின் வேலை. எங்கள் வீட்டில் ஊர்ப்பெயர் வைத்தால் இரட்டைப் புள்ளி. தக்கலைக்கு ஆறு அட்டை: த, க, புள்ளி, க, ல, ஐகாரக்கொம்பு. குளச்சலுக்கு ஏழு. ஒற்று வரும் இடத்தில் கையால் புள்ளியை எடுத்து வைக்க வேண்டியிருப்பதால் எழுதும்போது ஒற்றை விடும் பழக்கம் மெல்லக் குறைகிறது.

ர, ற, ல, ள, ழ, ன, ண குழப்பத்துக்கு வேறு ஆட்டம். பல்லி–பள்ளி, கரி–கறி, மனம்–மணம் என்று ஜோடிகளை எழுதி, அவற்றுக்கான படமோ பொருளோ வேறு அட்டைகளில். எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்து, இரண்டிரண்டாகத் திருப்பிச் சொல்லையும் பொருளையும் சேர்க்க வேண்டும். இருபது அட்டைக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம்.

பள்ளியில் ஆங்கிலவழி, வீட்டில் தமிழ், ஆச்சியோடு பேசினால் மலையாளம் என்று இருக்கும் வீடுகள் விளவங்கோடு பக்கம் நிறைய. ஒரே ஆட்டத்தில் எல்லா மொழியிலும் எண்ணச் சொல்லாதீர்கள். இன்றைக்குத் தமிழ், நாளைக்கு ஆங்கிலம் என்று நாள் பிரித்துக்கொண்டால் போதும்.

8. மற்றவை சுருக்கமாக

ஆடு புலி ஆட்டத்துக்கு 23 முனை, மூன்று புலி, பதினைந்து ஆடு. தரையில் சாக்பீஸால் வரையலாம். கணக்கு இதில் குறைவு. ஆனால், “நான் இங்கே வைத்தால் அவர் என்ன செய்வார்?” என்று யோசிக்கும் பழக்கத்துக்கு இதைப்போல வேறில்லை. கட்டாயம் ஒவ்வொருவரும் இரண்டு பக்கமும் ஆட வேண்டும். செஸ்ஸுக்கு முன் இதைக் கொடுத்துப் பாருங்கள்.

இடங்களை வாங்கி விற்கும் பிசினஸ் பலகையில் பிள்ளையை ஆட்டக்காரராக வைப்பதைவிட வங்கியாக வையுங்கள். சில்லறை கொடுப்பவருக்குத்தான் கணக்கு. முழு ஆட்டமும் ஆடினால் இரண்டு மணி நேரம் ஓடும். முக்கால் மணியில் நிறுத்தி, கையில் இருக்கும் பணத்தையும் இடத்தையும் கூட்டி முடித்துவிடுங்கள். மூன்றாம் படியில் செய்த பஸ் பலகையையே இதற்கும் பயன்படுத்தலாம். ஒரு நிறுத்தத்துக்கு இவ்வளவு கட்டணம் என்று நீங்களே வைத்து, பிள்ளையைக் கண்டக்டராக்குங்கள். பார்வதிபுரத்தில் ஏறி மார்த்தாண்டத்தில் இறங்க எவ்வளவு, நூறு ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு?

9. கடையில் வாங்குவதென்றால் கவனிக்க வேண்டியவை

பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியில் முத்திரையும், அதன் கீழே ‘சி.எம்./எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொருள்களுக்கு இதில் விலக்கு உண்டு. அதனால் மரப் பல்லாங்குழியில் முத்திரை இல்லையே என்று தள்ள வேண்டாம். பிளாஸ்டிக் காய்கள் கடும் வாடை அடித்தாலோ கையில் சாயம் ஒட்டினாலோ தள்ளுங்கள்.

செஸ், கேரம், லூடோ போன்ற பலகை விளையாட்டுகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலை அச்சிட்ட பெட்டியை நீட்டினால் கேளுங்கள். பில் வாங்குங்கள், பில் இல்லாமல் மாற்றித் தரச் சொல்ல முடியாது.

ஆன்லைனில் வாங்குவதற்கு முன் பலகையின் அளவைச் சென்டிமீட்டரில் பாருங்கள். படத்தில் பெரிதாகத் தெரிந்த ஒன்று எங்களுக்குக் கைக்குட்டை அளவில் வந்தது. இரண்டு காயும் குறைவு. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்க வேண்டிய பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிடுங்கள். பிரிக்கும்போது கைபேசியில் வீடியோ எடுத்துவைத்தால் பேச்சு குறையும். பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று பிரிக்காமல் வைத்திருந்தால் கெடு போய்விடும்.

விதித்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். முதல் ஆட்டத்துக்கு முன் நீங்கள் வாசித்து, பத்து வரியில் தமிழில் எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். சண்டை வரும்போது பிள்ளையை வாசிக்கச் சொன்னால் அதுவும் ஒரு வாசிப்புப் பயிற்சி.

மொத்தத்தில் வீட்டில் செய்தவை, ஒரு பாம்பு ஏணி, தாயக்கட்டை, ஒரு மரப் பல்லாங்குழி எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்ச் சுற்றளவில் முடித்துவிடலாம். அதையும் நாலைந்து மாதமாகப் பிரித்து வாங்குங்கள். கேரம்போர்டுக்கு அவசரமே இல்லை. ஊர் மன்றத்தில் ஒன்று இருந்தால் அங்கேயே போகட்டும்.

10. நேரமும் காலமும்

யு.கே.ஜி. வரை பத்து, பதினைந்து நிமிடம். மூன்றாம் வகுப்பு வரை இருபது நிமிடம். அதற்கு மேல் அரை மணி, முக்கால் மணி. வாரத்துக்கு நாலு நாள் போதும். விளக்கு வைத்த பிறகோ, செபமோ தொழுகையோ முடிந்த பிறகோ, சாப்பாட்டுக்கு முன் வரும் அந்த இடைவேளை எங்கள் வட்டாரத்தில் எல்லா வீட்டுக்கும் ஒத்துவருகிறது. வீட்டுப்பாடத்தை முடித்தால்தான் விளையாட்டு என்று கட்டுப்போடாதீர்கள். வீட்டுப்பாடத்தில் திணறும் பிள்ளைக்குத்தான் இது அதிகம் தேவை. கட்டுப்போட்டால் அந்தப் பிள்ளைக்குத்தான் கிடைக்காமல் போகும்.

நமக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. மழை விடுமுறை நாள்கள்தான் நீளமான ஆட்டத்துக்கு ஏற்றவை. அதோடு ஓணம், மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா என்று உள்ளூர் விடுமுறைகளும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் விசைப்படகுக்குப் போகிறவர்கள் வீட்டில் ஜூன், ஜூலைத் தடைக்காலத்தில் அப்பா மாலையில் வீட்டில் இருப்பார். பள்ளி திறந்த புதிதும் அதுவே. தாயமும் பல்லாங்குழியும் தொடங்க அந்த இரண்டு மாதம் நல்ல காலம்.

மழைக்காலத்தில் அட்டைகள் ஊதிப் பூசணம் பிடிக்கும். சார்ட் பலகைகளை லேமினேட் செய்துவிடுங்கள். ஏ4 தாளுக்கு இருபது, முப்பது ரூபாய் ஆகும். மற்றதைப் பிஸ்கட் டின்னில் இறுக மூடி வையுங்கள். கடலோர வீடுகளில் பித்தளைக் கட்டை பச்சை படரும். புளி போட்டுத் தேய்த்து, கழுவி, உலர்த்தினால் போதும்.

11. தோற்றால் அழும் பிள்ளை, திட்டும் பெரியவர்

வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கே அது தெரிந்துவிடுகிறது. அதற்குப் பதில் ஆரம்பத்திலேயே இடம் கொடுங்கள்: பல்லாங்குழியில் பத்து முத்து கூடுதல், ஆடு புலியில் ஒரு புலி குறைவு. பிள்ளை தேறத் தேற அந்தச் சலுகையைக் குறைத்துக்கொண்டே வரலாம். அக்காவும் தம்பியும் ஆடும்போது தம்பிக்குப் பதில் அக்கா எண்ணிவிடுவாள். “அவன் சொல்லட்டும், மக்ளே” என்று நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பிள்ளை தப்பாக எண்ணினால் உடனே திருத்தாமல் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பெரும்பாலும் தானே திருத்திக்கொள்ளும். “இதுகூடத் தெரியாதா?” என்ற வார்த்தை அந்தப் பலகைக்கு அருகில் வரவே கூடாது. வீட்டுக்கு வரும் மாமாவுக்கும் சித்திக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

12. ஒரு நாற்பது பக்க நோட்டு

தேதி, ஆட்டம், பிள்ளை எங்கே தடுமாறியது, எதைத் தானே சொன்னது. நாலு சொல்லில் எழுதினால் போதும். மாதக் கடைசியில் முதல் படியில் கேட்ட அதே நாலு கேள்வியை மறுபடி கேட்டு, பதிலையும் எழுதிவையுங்கள். பருவத்தேர்வுக்குப் பிறகு டீச்சரைப் பார்க்கப் போகும்போது இந்த நோட்டைக் கொண்டுபோங்கள். “வீட்டில் பத்துவரை கூட்டுகிறான், கடன் வாங்குவதில் நிற்கிறான்” என்று காட்டினால் அவர்களும் குறிப்பாகப் பதில் சொல்வார்கள்.

மூன்று நாலு மாதம் ஒழுங்காக ஆடியும் எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது, எழுத்தைத் தலைகீழாக எழுதுவது, நேற்றுச் சொன்னதை இன்று சுத்தமாக மறப்பது என்று தொடர்ந்தால் இன்னும் ஆட்டத்தைக் கூட்டாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். பிறகு பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாக வட்டார வள மையத்தில் (வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை அலுவலகம்) இருக்கும் சிறப்பாசிரியரைப் பார்க்கக் கேளுங்கள். கற்பதில் சிரமப்படும் பிள்ளைகளுக்கு உதவுபவர் அவர். போகும்போது பிள்ளையின் ஆதார் நகல், பள்ளியில் பிள்ளைக்குத் தந்த எமிஸ் எண் (மாணவர் பதிவு எண்), மதிப்பெண் அட்டை, கண் காது சோதித்த சீட்டு, இந்த நோட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். சிறப்பாசிரியர்கள் பள்ளிகளுக்கும் போய்வருபவர்கள் என்பதால் எந்த நாளில் மையத்தில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.